முத்துச் சல்லடைக்குள் பிரபஞ்சம்... தெரியுமா உங்களுக்கு?

காயல்பட்டினம் கடற்கரைக்கு ஒருநாள் அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்த நேரத்தில் வந்து உட்காருங்கள். முன்னால் மன்னார் வளைகுடா. பின்னால், அரபுக் குதிரைகளும் பாண்டிய முத்துகளும் கைமாறிய பழைய கரை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ ‘காயல்’ என்று எழுதி வைத்த துறைமுகம் இதுதானா, பக்கத்துப் பழையகாயலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தெற்கே குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல்லும் நாட்டியாயிற்று.

ஆனால் ராக்கெட்டைவிடத் தலைசுற்ற வைக்கும் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. முழுப் பிரபஞ்சத்தையும் கம்ப்யூட்டருக்குள் பிறக்க வைக்கிறார்கள். 1,380 கோடி வருஷம் வளரவிடுகிறார்கள். பிறகு நிஜ வானத்துக் கேலக்ஸிகளை எண்ணி, “இது அது மாதிரி இருக்கிறதா?” என்று ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துவந்தால் கொள்கை பிழைக்கும். வராவிட்டால் குப்பைக்கூடைதான்!

வெளிநாட்டு விஞ்ஞானிகள் சங்கதி, நமக்கென்ன என்று எழுந்துவிடாதீர்கள். முத்துக் குளித்த கரைக்கு இந்த வேலை புதிதே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், முங்கலாம்!

1. பாரைத் திறக்குமுன் ‘மாதிரி’ எடுத்தார்கள், தெரியுமா?

முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, என்றால் நினைத்தவுடன் தோணியைத் தள்ளிக்கொண்டு போவதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடிக் கரையில் ஒரு முறை இருந்தது. முதலில் பாரை, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டை, சோதிக்க ஆள் போகும். குளியாட்கள் மூழ்கிச் சில ஆயிரம் சிப்பிகளை அள்ளி வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, அலசி, அடியில் தங்கும் முத்துகளைப் பொறுக்கி, ‘ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்’ என்று மதிப்புப் போடுவார்கள். கட்டுபடியானால் சலாபம் அறிவிப்பு. இல்லையென்றால் பார் அப்படியே கிடக்கும், எத்தனை வருஷமானாலும்!

வானத்திலும் இதே கதை. 1986இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானியலாளர்கள் வானத்தில் ஒரு கீற்றை வெட்டி, அதிலிருந்த சுமார் 1,100 கேலக்ஸிகளின் தூரத்தை அளந்தார்கள். கேலக்ஸிகள் தூவினாற்போல் கிடக்கும் என்று நினைத்தால், சோப்பு நுரைபோல் நடுவில் வெற்றிடம், சுற்றிலும் சுவர்! 1989இல் அதே சர்வேயில் ‘பெருஞ்சுவர்’ ஒன்று கிடைத்தது. அது எவ்வளவு நீளம்? சர்வே எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு நீளம்! அதாவது மாதிரி எடுத்த கூடையைவிடப் பெரிய மீன். “கூடை போதாது, இன்னும் பெரிதாய்ப் பின்னுங்கள்” என்று வானம் சொன்ன முதல் சேதி அது.

2. பெரிய முத்துதான் பரீட்சை வைக்கும், தெரியுமா?

முத்து வியாபாரியின் சல்லடையைப் பார்த்திருக்கிறீர்களா? பித்தளைத் தட்டுகள் பத்து. முதல் தட்டில் 20 துளை. அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று ஏறிக் கடைசித் தட்டில் 1,000. எண்ணிக்கை ஏற ஏறத் துளை பொடியாகும். ஒரு கைப்பிடி முத்தை மேலே கொட்டிச் சலித்தால் முதல் தட்டில் ஒன்றோ இரண்டோ தங்கும். கீழே போகப் போகக் குவியல்!

பிரபஞ்சத்தின் கட்டமைப்பும் சல்லடைக் கணக்குத்தான். சின்னக் கேலக்ஸி ஏராளம், பெரியது குறைவு, ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் கூடிய பெருங்கொத்து அபூர்வம். எந்த அளவில் எத்தனை தேறும் என்ற கணக்கை 1974இல் பிரெஸ், ஷெக்டர் என்ற இருவர் சூத்திரமாகவே எழுதிவிட்டார்கள். இதில் வேடிக்கை, பிரபஞ்சத்தின் செய்முறையைத் துளி மாற்றினால் பொடி முத்துகளின் எண்ணிக்கை அவ்வளவாக அசையாது. ஆனால் முதல் தட்டு தலைகீழாகிவிடும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் பெருங்கொத்துகளைத் தேடித் தேடி எண்ணுகிறார்கள்.

தட்டும் துளையும் வெறும் உவமை என்று நினைத்தீர்களா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த ஸ்லோன் சர்வேயில் நிஜமாகவே அலுமினியத் தட்டில் துளை போட்டார்கள்! சுமார் 80 செ.மீ. அகலத் தட்டு. வானத்தில் கேலக்ஸி இருக்கும் இடத்துக்கு நேராக ஒவ்வொரு துளை. ஆரம்பத்தில் தட்டுக்கு 640. பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஒளியிழையைக் கையால் செருகுவார்கள். இரவில் துளைக்கு ஒரு கேலக்ஸி வெளிச்சம் வந்து விழும். பித்தளைக்குப் பதில் அலுமினியம், முத்துக்குப் பதில் கேலக்ஸி!

3. 74 பல்புகளால் இரண்டு கேலக்ஸிகளை மோதவிட்டார் ஒருவர்!

வருஷம் 1941. கம்ப்யூட்டர் என்ற பெயரே கணக்குப் போடும் ஆட்களைக் குறித்த காலம். ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக் ஹோல்ம்பெர்க் என்ற வானியலாளருக்கு, இரண்டு கேலக்ஸிகள் உரசிப் போனால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு, இன்னொன்றுக்கு 37 பல்பு என்று மேஜைமேல் அடுக்கினார்!

ஏன் பல்பு? தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். ஈர்ப்பு விசையும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு பல்பு இருக்கும் இடத்திலும் நாலாப் பக்கத்திலிருந்தும் வரும் வெளிச்சத்தை அளந்தால், அங்கே எவ்வளவு இழுப்பு என்பது தெரிந்துவிடும். அளந்தார், பல்பைக் கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி அளந்தார், மறுபடி நகர்த்தினார். முடிவில் பல்புக் கேலக்ஸிகளில் கை முளைத்தது, வால் நீண்டது! உலகின் முதல் கேலக்ஸி சிமுலேஷன் கம்ப்யூட்டரே இல்லாமல் முடிந்தது.

4. பிரபஞ்சத்தையும் வளர்ப்பு முத்து மாதிரி வளர்க்கிறார்கள், தெரியுமா?

1961க்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் சலாபம் நடக்கவில்லை. ஆனால் 1973இல் அதே தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில், கே. அழகர்சாமியின் முயற்சியில் வளர்ப்பு முத்து பிறந்தது. சிப்பிக்குள் உருண்டையாக ஒரு கரு, அதோடு இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கு. மனிதன் கை வைத்தது அவ்வளவுதான். மேலே மேலே பூசி முத்தாக்கியது சிப்பியின் இயல்பு.

சிமுலேஷனும் அச்சு அசல் இதே வேலை. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது விட்ட வெப்பம் இன்னும் வானமெங்கும் நுண்ணலையாகப் பரவிக் கிடக்கிறது. அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேடு பள்ளம் இருக்கிறது. அந்த மேடு பள்ளந்தான் விதை. அதைக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, “ஈர்ப்பே, இனி உன் பாடு” என்று விலகிவிட வேண்டும்.

எத்தனை துகள்? 1985இல் டேவிஸ், எஃப்ஸ்டாத்தியூ, ஃபிரெங்க், ஒயிட் என்ற நால்வர் கூட்டணி போட்டது வெறும் 32,768. 2005இல் ஜெர்மனியின் மில்லேனியம் சிமுலேஷன் 1,000 கோடி! பக்கத்துக்கு 200 கோடி ஒளியாண்டுக்கு மேல் நீளமுள்ள பெட்டி, 512 பிராசசர்கள், ஏறக்குறைய ஒரு மாத ஓட்டம். ஐரோப்பாவின் யூக்ளிட் விண்தொலைநோக்கிக்காக ஓட்டியதில் 4 லட்சம் கோடித் துகள். அடேயப்பா!

ஒவ்வொரு துகளையும் மற்ற எல்லாத் துகளும் இழுக்கும். எல்லா ஜோடிக்கும் கணக்குப் போட்டால் ஆயுசு போதாது. அதற்கும் குறுக்கு வழி உண்டு. பக்கத்து வீட்டுச் சண்டையில் யார் குரல் எது என்று தனித்தனியாகக் கேட்கும். தூரத்து ஊர்த் திருவிழா ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். அதேபோல் அருகில் இருப்பதைத் தனியாகவும் தொலைவில் இருப்பதை மொத்தமாகவும் கணக்கிடும் கலப்பு முறைக்கு ‘ட்ரீ-பிஎம்’ என்று பெயர். அதைச் செப்பனிட்டு 2002இல் கட்டுரை வெளியிட்டவர் அலகாபாத் ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜஸ்ஜீத் பாக்லா. மில்லேனியமும் இதே வகைக் கணக்கில்தான் ஓடியது!

5. ஒரு பிரபஞ்சத்தையே ஃபெயிலாக்கிய சிமுலேஷன் உண்டு!

கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஒன்று கேலக்ஸிகளை இழுத்துக் கட்டியிருக்கிறது என்பது 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அது எது? “நியூட்ரினோவாக இருக்கும்” என்று பலர் பந்தயம் கட்டினார்கள். நியாயமான பந்தயந்தான். எங்கும் நிறைந்த துகள், கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் நியூட்ரினோ நில்லாமல் ஓடுகிற துகள். அந்த ஓட்டத்தில் சின்னச் சின்ன மேடுகளை அழித்துவிடும். 1983இல் ஒயிட், ஃபிரெங்க், டேவிஸ் மூவரும் நியூட்ரினோ பிரபஞ்சத்தைக் கம்ப்யூட்டரில் வளர்த்துப் பார்த்தார்கள். வந்ததோ ராட்சதக் கட்டிகள்! நிஜ வானத்துக் கேலக்ஸிகள் அப்படி அப்பிக் கிடக்கவில்லை. நியூட்ரினோ தோற்றது. மெதுவாக நகரும் ‘குளிர்ந்த’ கரும்பொருளைப் போட்டு 1985இல் வளர்த்தபோதுதான் வானத்தின் சாடை தெரிந்தது. இன்றைய கணக்கில் சுண்டு விரலளவு திறனே இருந்த கம்ப்யூட்டரை வைத்து முடிந்த காரியம் இது. இன்றைக்கு நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் அதைவிடப் பெரிய கில்லாடி!

6. நிலாவை வைத்துப் பிரபஞ்சத்தைச் சோதித்த மலை ஊட்டியில் இருக்கிறது, தெரியுமா?

ரமலான் 29ஆம் நாள் மாலை. காயல்பட்டினத்துக் கடற்கரை கிழக்கே பார்த்தது, பிறையோ மேற்கே. அதனால் அன்றைக்கு ஊரே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். மொட்டைமாடியில் உம்மா, வாப்பா, காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா), வாண்டுகள் எல்லோரும். “அந்தா, அந்தத் தென்னைக்கு மேலே பாரு காக்கா!” “எங்கே?” “என் விரலைப் பாரு!” மேகம் ஒன்று குறுக்கே வரும். மூச்சுச் சத்தங்கூடக் கேட்காது. நிலா எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அந்த நிலாவையே கத்தியாக்கியவர் கோவிந்த் ஸ்வரூப். ஊட்டிக்குப் பக்கத்து ஊர் முத்தோரை (பெயரிலேயே முத்து!). அங்கே 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் அவரது குழு கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் வேலையைத் தொடங்கியது. வேண்டுமென்றே மலைச்சரிவில் கட்டினார்கள். சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி! அதனால் தொலைநோக்கியின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கட்டியவர்கள் நம்மவர்கள், கைகொடுத்தது நீலகிரி!

இனித்தான் வித்தை. நிலா வானத்தில் நகரும்போது தொலைதூர ரேடியோ கேலக்ஸிகளை மறைக்கும். தன் அகலத்தைக் கடக்க அதற்குச் சுமார் ஒரு மணி நேரம். அதாவது நொடிக்கு அகலத்தில் 3,600இல் ஒரு பங்கு! கேலக்ஸியின் சமிக்ஞை சட்டென்று அணைந்தால் அது பொட்டு மாதிரிச் சின்னது. மெல்ல மெல்லத் தேய்ந்தால் அகலமானது. எத்தனை நொடி என்று பார்த்தால் அளவு கைக்கு வந்துவிடும். இப்படிச் சுமார் ஆயிரம் ரேடியோ மூலங்களை அளந்தார்கள்.

1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் கண்டது இது: மங்கலான, அதாவது பெரும்பாலும் தொலைவான, மூலங்கள் மேலும் மேலும் சிறுத்துப் போகின்றன. பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்தக் காலத்து ரேடியோ கேலக்ஸிகள் வேறு மாதிரி இருந்தன என்றால்தான் பொருந்தும். ‘பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை’ என்ற நிலைபெற்ற பிரபஞ்சக் கொள்கைக்கு நீலகிரியிலிருந்து விழுந்த அடி!

கேளுங்கள் இன்னும். அந்தக் கொள்கையின் தலைமகன் ஃபிரெட் ஹாய்லின் சீடர் ஜயந்த் நார்லிகர். 1972இல் இந்தியா திரும்பி அவர் சேர்ந்தது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில். ஊட்டி தொலைநோக்கியும் அதே நிறுவனத்துடையதுதான்! ஒரே கூரைக்கு அடியில் கொள்கை ஒரு அறையில், அதை அசைக்கும் அளவீடு இன்னொரு அறையில்.

7. கப்பலில் பிறந்த ஒரு எண், பிரபஞ்சத்துக்கே முழக்கோல் ஆனது!

1930இல் 19 வயது நிரம்பிய சுப்பிரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பு முடித்து இங்கிலாந்துப் பயணம். பொழுது போகாமல் போட்ட கணக்கில் வந்தது, செத்த நட்சத்திரம் ஒன்று தாங்கக்கூடிய எடைக்கு ஒரு வரம்பு. இன்றைய கணக்கில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு!

‘வெள்ளைக் குள்ளன்’ என்ற அந்தச் செத்த நட்சத்திரங்கள் வரம்பை நெருங்கி வெடிப்பதுதான் ஒரு வகைச் சூப்பர்நோவாவுக்கு முக்கிய விளக்கம். ஏறக்குறைய ஒரே எடையில் வெடிப்பதால் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவு. மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம். 1998இல் இரண்டு குழுக்கள் இந்த விளக்குகளை வைத்து அளந்து, பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்று அறிவித்தன. உலகமே வாயைப் பிளந்தது. தள்ளுவது எது? தெரியாது. பெயர் மட்டும் வைத்தார்கள், கரும் ஆற்றல்!

கல்யாணக் களரி விருந்தில் சஹன் என்ற பொதுத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சஹனில் நூறு பிடி சோறு. நாம், கடல், சூரியன், எல்லா நட்சத்திரங்களும், வாயுவும் சேர்ந்து 5 பிடி. கரும்பொருள் 27 பிடி. கரும் ஆற்றல் 68 பிடி. 95 பிடி என்ன சோறு என்றே தெரியாமல் பந்தி நடக்கிறது!

8. உறைந்துபோன ஒலியை 5,000 ரோபோக்கள் தேடுகின்றன, தெரியுமா?

தெப்பக்குளத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் கல்லை எறிந்து, அலைவட்டம் விரியும்போதே தண்ணீர் உறைந்துவிட்டால்? வட்டங்கள் அப்படியே நிற்கும். எல்லா வட்டமும் ஒரே அளவு. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3.8 லட்சம் வருஷம்வரை கொதிக்கும் குழம்பில் ஒலி அலைகள் ஓடின. பிறகு குழம்பு ஆறியது, அலை நின்றது. இன்று அந்த வட்டங்களின் ஆரம் சுமார் 50 கோடி ஒளியாண்டாக விரிந்துவிட்டது. அந்த இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். 2005இல் ஸ்லோன் சர்வேயின் 46,748 கேலக்ஸிகளில் அந்தக் ‘கொஞ்சம் கூடுதல்’ சிக்கியது!

இப்போது அரிசோனா மலையில் ‘டெசி’ என்ற கேலக்ஸி சர்வே. கையால் செருகிய ஒளியிழை போயிற்று. 5,000 குட்டி ரோபோக்கள் ஆளுக்கொரு இழையைப் பிடித்து ஒரே சமயத்தில் 5,000 கேலக்ஸிகளைக் குறிபார்க்கின்றன. மூன்று வருஷ வேட்டையில் ஏறக்குறைய 1.5 கோடி கேலக்ஸிகளும் குவாசர்களும்!

2025 மார்ச்சில் டெசி ஒரு குண்டைப் போட்டது. கரும் ஆற்றல் மாறாதது என்றல்லவா இதுவரை கணக்கு? அது காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்ற சாயல் தெரிகிறதாம்! மற்ற அளவீடுகளோடு சேர்த்தால் நம்பகம் 2.8 முதல் 4.2 சிக்மா. கண்டுபிடிப்பு என்று பறையறைய 5 சிக்மா வேண்டும். அதாவது தற்செயலாக அப்படி நேர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருக்கக் கூடாது. பாரைத் திறக்க இன்னும் உத்தரவு வரவில்லை.

9. வலம்புரியா, இடம்புரியா? வானத்திலும் அதே சண்டை!

சங்குக் கடையில் ஒரு பெரியவர் இரண்டு சங்கைக் கையில் கொடுத்து, “எது வலம்புரி, சொல்லு பார்ப்போம்” என்றார். கூர்முனையை மேலே பிடித்தால் வாய் வலப்பக்கம் திறப்பது வலம்புரி. சங்குகளில் ஆகச் சாதாரணம் இடம்புரிதான். விலங்கியல் புத்தகத்தில் பார்த்தால் தலைகீழ்! நம் வலம்புரிக்கு அங்கே ‘இடச்சுழி’ என்று பெயர். அவர்கள் சங்கை மறுமுனையாகப் பிடிப்பதுதான் காரணம்.

சுருள் கேலக்ஸிகளும் சுழல்கின்றன. சில கடிகாரத் திசையில், சில எதிர்த்திசையில். பிரபஞ்சத்துக்கு விருப்பத் திசை எதுவும் இல்லை என்றால் இரண்டும் சரிபாதி இருக்க வேண்டும். 2007இல் ‘கேலக்ஸி ஸூ’ என்ற திட்டம் பொதுமக்களிடமே படங்களைக் கொடுத்தது. முதல் வருஷத்திலேயே ஒன்றரை லட்சம் பேர், 5 கோடி வகைப்பாடு! எண்ணிப் பார்த்தால் எதிர்த்திசைச் சுருள்கள் அதிகம். பிரபஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா?

அங்கேதான் கெட்டிக்காரத்தனம். அதே படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுக் கொடுத்தார்கள். நிஜமாகவே சாய்வு இருந்தால் இப்போது எண்ணிக்கை தலைகீழாக வேண்டும். ஆகவில்லை! மறுபடியும் எதிர்த்திசைதான் அதிகம். சாய்வு வானத்தில் இல்லை, பார்த்த கண்ணில்!

அதனால்தான் இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். டெசி குழு தன் தரவையே ரகசிய அளவில் நகர்த்தி வைத்துவிடும். ஆய்வு முறை எல்லாம் முடிவான பிறகுதான் கட்டவிழ்ப்பு. தான் விரும்பும் விடையை நோக்கிக் கை தானாக நகர்ந்துவிடக் கூடாதே!

10. கோவையில் பிறந்தவர் கேட்ட கேள்வியில் சிமுலேஷன் திணறியது!

கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகம் வழியாக டியூப்லைட்டைப் பாருங்கள், வளைந்து நெளியும். கேலக்ஸிக் கொத்தின் எடையும் பின்னாலிருந்து வரும் ஒளியை அப்படி வளைக்கும். வளைவைப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எங்கே எவ்வளவு என்று வரைபடம் போடலாம். இதில் பேர்போனவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன், இன்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

2020 செப்டம்பரில் மாஸ்ஸிமோ மெனெகெட்டி தலைமையில் அவரும் சேர்ந்த குழு 11 பெருங்கொத்துகளை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது. கொத்துக்குள் இருக்கும் தனிக் கேலக்ஸிகளின் சின்ன ‘லென்ஸ்’ வளைவுகள், சிமுலேஷன் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கு மேல்! கரும்பொருளைப் பற்றிய நம் எண்ணம் தவறா, சிமுலேஷனில் ஏதாவது விட்டுப்போயிற்றா? வேறொரு குழு, இன்னும் நுணுக்கமான சிமுலேஷனில் இடைவெளி குறைகிறது என்றது. வழக்கு நடக்கிறது.

கூடுதல் கொசுறு: ஆதிப் பிரபஞ்சத்தில் சில கருந்துளைகள் பிறக்கும்போதே பருத்துப் பிறந்திருக்கலாம் என்று கணித்தவர்களிலும் பிரியம்வதா உண்டு. 2023இல் யுஹெச்ஸட்-1 என்ற கேலக்ஸியில் அந்தக் கணிப்புக்குப் பொருந்தும் ஒரு கருந்துளை கிடைத்தது. அதன் எக்ஸ்ரேயைப் பிடித்த தொலைநோக்கியின் பெயர்? சந்திரா! ஆமாம், அந்தக் கப்பல் பையன் சந்திரசேகரின் பெயர்தான்.

11. வானத்தில் ஒரு சரஸ்வதி ஓடுகிறாள், தெரியுமா?

2017 ஜூலையில் புனே ஐயுகா, ஐசர் நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்கள் ஸ்லோன் சர்வேயைத் துழாவி ஒரு மகாகொத்தைக் கண்டார்கள். ஜாய்தீப் பாக்சி, சிஷிர் சங்க்யாயன் குழு வைத்த பெயர் ‘சரஸ்வதி’. தூரம் 400 கோடி ஒளியாண்டு. நீளம் 60 கோடி ஒளியாண்டு. எடை, 2 போட்டுப் பின்னால் 16 பூஜ்யம் போடுங்கள், அத்தனை சூரியன்! சல்லடையின் முதல் தட்டில் தங்கிய முத்து இது. இவ்வளவு பெரியது அந்தக் காலத்திலேயே எப்படிச் சேர்ந்தது என்று எந்தப் பிரபஞ்சக் கொள்கையும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

12. ஒரே நாளில் 95 செ.மீ. மழை நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?

2023 டிசம்பர் 17 காலையிலிருந்து 18 காலைவரை காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். வானிலைத் துறையின் ‘அதிதீவிர கனமழை’ என்ற உச்ச வகையே 20.4 செ.மீ.க்கு மேல் என்றுதான் தொடங்குகிறது. அதைப்போல் நாலரை மடங்கு!

வானிலை மாதிரியும் ஒரு சிமுலேஷன்தான். வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும். கட்டத்தைவிடச் சின்னதாக நடப்பதைத் தோராயத்தால்தான் நிரப்ப வேண்டும். மில்லேனியம் சிமுலேஷனில் ஒரு துகளின் எடை நூறு கோடிச் சூரியனுக்கு மேல்! ஒரு குட்டிக் கேலக்ஸி அதில் ஒரு துகளுக்குக்கூடத் தேறாது. நட்சத்திரம் பிறப்பதும் வெடிப்பதும் எல்லாம் கட்டத்துக்குள் அடங்கிப்போகும் சங்கதிகள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வானிலைக்காரருக்கு நாளை காலையே இன்னொரு பரீட்சை. பிரபஞ்சமோ ஒன்றே ஒன்று. மறுபடி ஓட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஆயிரக்கணக்கான போலிப் பிரபஞ்சங்களை ஓட்டுகிறார்கள். ‘கிஹோட்டே’ என்ற திட்டத்தில் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேல்! பிறகு போலி வானத்தையும் நிஜத் தொலைநோக்கியின் எல்லாக் குறையோடும் பார்க்கிறார்கள். இரண்டு கேலக்ஸி ஒட்டி நின்றால் ஒரு இழை ஒன்றைத்தான் தொடும். மேகம் மறைக்கும். மங்கல் விட்டுப்போகும். பாறை இடுக்கில் கிடக்கும் சிப்பி குளியாள் கைக்கு எட்டாது அல்லவா? எட்டாததையும் கணக்கில் சேர்க்காத மாதிரி, மாதிரியே இல்லை.

கடற்கரையில் இருட்டிவிட்டது. எழுந்திருக்குமுன் ஒரு சேதி. 2023 ஜூலை 1 அன்று கிளம்பிய யூக்ளிட், 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. சிலியின் மலை உச்சியில் ரூபின் ஆய்வகம், 320 கோடிப் பிக்சல் கேமராவோடு 2025 ஜூனில் முதல் படங்களைக் காட்டிவிட்டது. அடுத்த பத்து வருஷத்துக்குச் சிப்பி வந்துகொண்டே இருக்கும்.

கரும் ஆற்றல் தேய்கிறதா, இல்லையா? இப்போதைக்கு யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். மூட்டைகள் கரையேறத் தொடங்கிவிட்டன. அழுகவிட்டு, அலசி, சலிக்க வேண்டியதுதான் பாக்கி. முதல் தட்டில் என்ன தங்குகிறது, பார்ப்போம்!